சூளை வாசலில் ஒரு கையெழுத்து

அத்தியாயம் 11

ஒரே ஊரில் இரண்டு அமிர்தசாமிகள் இருந்தால் என்ன வம்பு வரும் என்று போன வாரம் பார்த்தோம். டெல்லியில் உள்ள கனடா தூதரகம் ஆக்னஸுக்கு அனுப்பிய கடிதம், அவள் அப்பா செராமிக் எஸ்டேட் அமிர்தசாமியின் வீட்டுக்கு வராமல் ரயில்வே குவார்ட்டர்ஸ் அமிர்தசாமி வீட்டுக்குப் போய், அங்கே டி.வி. மேல் இருபத்து மூன்று நாள் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

"அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்கக் கூடாதுன்னு அப்பிடியே வெச்சிருந்தேம்மா" என்று அந்த நல்ல மனுஷர் நேற்று சாயங்காலம் கொண்டுவந்து கொடுத்தார். அவரைத் திட்டவும் முடியவில்லை, கும்பிடவும் மனம் வரவில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான். ஆக்னஸ் இரண்டு வயதில் கனடாவில் நிரந்தரமாக வசிக்கும் உரிமை பெற்றவள். ஏழு வயதில் பெற்றோரோடு இந்தியா வந்தாள், பன்னிரண்டு வருடமாகத் திரும்பவில்லை. உரிமை காலாவதியாகிவிட்டது. ஆனாலும், வந்தது குழந்தையின் முடிவல்ல என்பதால் அவள் விண்ணப்பத்தைப் பரிசீலிப்பார்கள். 1994-ல் அந்தக் குடும்பம் கனடாவை ஒரேயடியாகக் கைவிட்டு வந்ததா, திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்ததா? பெற்றோர் பிரமாணம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். கூடவே ஆதாரமும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் டெல்லிக்கு வந்து சேர வேண்டும்.

இன்று செவ்வாய்க்கிழமை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உள்ள கூரியர் ஆபீஸ் வேன் ஐந்து மணிக்குச் சென்னைக்குக் கிளம்பும். அதைத் தவறவிட்டால் எல்லாம் முடிந்தது.

முடிந்தது என்றால் சாதாரணமாக முடிவதில்லை. செராமிக் டிப்ளமாவில் முதல் வகுப்பில் தேறியிருக்கும் ஆக்னஸுக்கு, அங்கே ஒரு கல்லூரியில் பல் செராமிக் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. வெளிநாட்டு மாணவியாகப் போனால் கட்ட வேண்டிய தொகைக்கு அப்பாவின் ஷெட்டையே விற்றாலும் போதாது. அந்த ஊர்ப் பெண்ணாகப் போனால் சமாளித்துவிடலாம். செப்டம்பரில் வகுப்பு தொடங்குகிறது.

"விருத்தாசலத்துப் பொண்ணு வெள்ளைக்காரனுக்குப் பல்லு கட்டப் போவுது" என்று எஸ்டேட் முழுக்க ஏற்கெனவே கிண்டல் ஆரம்பித்துவிட்டது. போகாமல் போனால் அந்தக் கிண்டலுக்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

காலை எட்டு மணிக்கே பீரோவில் இருந்த அத்தனையும் தரைக்கு வந்துவிட்டது.

கனடாவில் இறங்கிய அன்று முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் கிடைத்தது. ஒன்றாம் வகுப்பு மார்க் ஷீட் ஒன்று, கரடி படம் ஒட்டியது. பனியில் உருண்டு நிற்கும் ஒரு போட்டோ. திரும்பிப் போவதாக இருந்தோம் என்று சொல்லும் காகிதம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"ஏம்மா, போயிட்டுத் திரும்பி வர்றதுக்கும் சேத்துத்தானே டிக்கெட் எடுப்பாங்க? அது எங்க?"

விமலாராணி ஸ்டூல் மேல் நின்று ஃபிரிட்ஜ் மேலிருந்த ஒட்டகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் எல்லாம் ஜனவரியிலேயே அட்டைப்பெட்டிக்குள் போய்விடும். இந்த ஒட்டகம் மட்டும் வருஷம் பூராவும் ஃபிரிட்ஜ் மேல் படுத்து அசை போடும். அப்பாவின் சொந்தச் சூளையில் வெந்த முதல் பொம்மை, அம்மாவே வர்ணம் தீட்டியது. அதை வேறு யாரும் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"உங்கப்பாவக் கேளு" என்றாள் விமலாராணி, திரும்பிப் பார்க்காமல்.

"அவரு தொலைச்சிருப்பாரு."

"பொறுமையாத் தேடுடி. வூட்டையே எறைச்சு வெச்சிருக்க."

அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தது. ஆக்னஸ் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, இரண்டு நாள் கூடுதல் அவகாசம் கேட்டு டெல்லிக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினாள். தொடர்புக்கு அம்மாவின் நோக்கியா நம்பரைப் போட்டாள். வீட்டில் இருக்கும் ஒரே செல்போன் அதுதான்.

பிறகு டி.வி.எஸ். ஃபிப்டியை உதைத்து எஸ்டேட்டுக்குக் கிளம்பினாள்.

ஷெட்டுக்குள் சூளை உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே கரண்டுப் பெட்டிக்கான மூவாயிரம் பீங்கான் பியூஸ் கட்டைகள் வெந்துகொண்டிருந்தன. நேற்று ராத்திரியே பற்ற வைத்தாயிற்று. சூளைச் சுவரில் ஒரு சின்ன ஓட்டை, அதை அடைக்க ஒரு களிமண் மூடி. மூடியை எடுத்து, கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே விரல் உயரத்தில் மூன்று மண் கூம்புகள் வரிசையாக நிற்கும். கோன் என்பார்கள். சரியான சூடு வந்ததும் நடுக் கோன் தலை சாய்ந்து படுக்கும். படுத்த நிமிஷம் பர்னரை அணைக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் அத்தனை கட்டையும் கோணிக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிப் போகும். அதனால் சூளை பற்றிய பிறகு அமிர்தசாமி அந்த ஸ்டூலை விட்டு நகர மாட்டார். சொந்த மச்சினன் கிளமெண்டின் கல்யாணத்துக்கே நகராதவர்.

"அப்பா, நோட்டரி கிட்டப் போகணும். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்."

"கோன் படுக்க அஞ்சு, அஞ்சரை ஆவும்."

"அஞ்சு மணிக்கு வேன் போயிடும்ப்பா!"

"சூளைக்கு அது தெரியுமா?" என்றார் அமிர்தசாமி. மகள் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "சரி, என்னா எழுதணுமாம்?"

"நம்ம திரும்பிப் போறதாத்தான் இருந்தோம்னு."

அமிர்தசாமியின் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. தட், தட், தட். மூன்று தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார். அது அவர் பழக்கம். பஸ் ஏறும்போது, கோயிலுக்குள் நுழையும்போது, கல்யாணப் பந்தியில் உட்காரும்போது எல்லாம் பாக்கெட்டைத் தட்டுவார். எஸ்டேட் பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் தபேலா.

"அது எப்பிடி எழுத முடியும்? அந்தக் குளிரு ஊரை வேணாம்னு நானா ஒதறிட்டு வந்தவன். ஊருக்கே தெரியும்."

"வேணும்னே விட்டுட்டு வந்தோம்னு எழுதினா எனக்குக் கெடைக்காதுப்பா."

"பொய் எழுதச் சொல்றியா?"

ஆக்னஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கெல்லாம் நேரம் இருந்தால்தானே? "நோட்டரியையே இங்க கூட்டிட்டு வரேன். நீங்க அவரு கிட்டயே சொல்லுங்க" என்று வண்டியைத் திருப்பினாள்.

"போற வழியில இந்தா கிட்ட சொல்லி டீ குடுத்தனுப்பச் சொல்லு" என்று பின்னால் குரல் வந்தது.

'இந்தா' என்பது விமலாராணிதான். கல்யாணமாகி இருபத்தோரு வருஷமாக அமிர்தசாமி தன் மனைவிக்கு வைத்திருக்கும் பெயர் அது. இந்தா டீ போடு, இந்தா சாவி எங்க, இந்தா உன் பொண்ணு பாஸாயிட்டா. அன்பாகச் சொன்னாலும் இந்தாதான், கோபமாகச் சொன்னாலும் இந்தாதான்.

கோர்ட் எதிரே மாடியில் நோட்டரி கோவிந்தசாமியின் ஆபீஸ். ஆக்னஸ் போனபோது அவர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டு வந்து ஒரு பாகப்பிரிவினைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். அண்ணன் தம்பிகள் ஒரு மாட்டுக் கொட்டகைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க, பெஞ்சில் உட்கார்ந்து ஆக்னஸ் கடிகாரத்தைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றரை. இரண்டேகால். மூன்று.

"சார், கையெழுத்துப் போட வேண்டியவரு சூளையில இருக்காரு. வர முடியாது. நீங்க வரணும்."

"நானா? இருபது வருஷமா இந்த நாற்காலிய விட்டு எழுந்து போயி நான் சீல் போட்டதில்ல பாப்பா."

ஆக்னஸ் கடிதத்தை அவர் முன் நீட்டினாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். முதலில் வேலைக்காக வாசித்தவர், பாதியில் கதை வாசிப்பவர் போல நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"வெள்ளிக்கெழமையா? அடப்பாவி! ஏன் இன்னிக்கு வந்து நிக்கிற?"

"ரெண்டு அமிர்தசாமி சார்."

"எனக்கும் அதே கதிதான். இந்த ஊர்ல பதினாலு கோவிந்தசாமி. என் கரண்டு பில்லு எவன் வூட்டுக்குப் போவுதுன்னே தெரியல." சொல்லிக்கொண்டே மேஜை இழுப்பறையைத் திறந்தார். சீல், ஸ்டாம்ப் பேட், பதிவு நோட்டு, முத்திரைத்தாள் இரண்டு. "ஒண்ணு கெட்டுப்போனா இன்னொண்ணு. எப்பவும் ரெண்டு எடுக்கறது என் வழக்கம்."

ஜங்ஷன் ரோட்டில் அன்று கடை வாசலில் நின்றவர்கள் பேறு பெற்றவர்கள். டி.வி.எஸ். ஃபிப்டியை ஆக்னஸ் முறுக்க, பின்னால் கறுப்புக் கோட்டு படபடக்க, சீலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா பாப்பா, நானும் ஒரு சாட்சிதான், உசுரோட இருக்கணும்" என்று அலறியபடி நோட்டரி கோவிந்தசாமி போய்க்கொண்டிருந்தார்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் வெக்கையில் அவர் கண்ணாடி வியர்த்துவிட்டது. மணி மூன்றரை. அமிர்தசாமி ஸ்டூலிலிருந்து எழுந்து கும்பிட்டார். மறுபடி ஓட்டையில் கண்ணை வைத்தார்.

"வாங்க சார். மன்னிச்சுக்குங்க, திரும்பிப் பேச முடியாது."

"முதுகைப் பாத்தே பேசறேன், பரவால்ல. 94-ல கனடாவ விட்டு வந்தீங்க. எதுக்கு?"

"எனக்குப் புடிக்கல. வந்துட்டேன்."

கோவிந்தசாமி பேனாவை மூடினார். "இத எழுதினா உங்க பொண்ணு கேஸு இங்கயே முடிஞ்சுது. எழுதட்டுமா?"

ஆக்னஸ் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். வியர்வையில் சட்டை ஒட்டிக்கிடந்தது. பேசக் கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்தது தானாக வாயில் வந்தது.

"அப்பா, அங்க ஸ்கூல்ல என் பையைக் கொக்கியிலயே மாட்டிட்டு வந்தேன். நீல கலரு. அதுல என் கலர் பென்சில் டப்பா இருந்துச்சு. எடுத்துக்கறேன்னு அழுதேன். லீவு முடிஞ்சு வந்து எடுத்துக்கலாம்னு நீங்கதான் சொன்னீங்க. பொய்யா சொன்னீங்க?"

அமிர்தசாமியின் கை பாக்கெட்டுக்குப் போனது. தட், தட். மூன்றாவது தட்டு வரவில்லை. கை அப்படியே நின்றது.

"பொய் இல்ல" என்றார். "எங்கிட்ட டிக்கெட் இருந்துச்சு. ஆகஸ்டு இருபத்தெட்டு. மூணு பேருக்கும். இந்த பாக்கெட்லதான் வெச்சிருந்தேன். கெளம்பறதுக்கு மொத நாள் தடவிப் பாக்கறேன், காணோம். எங்க தொலைச்சேன்னு இன்னி வரைக்கும் தெரியல."

"புதுசா வாங்கியிருக்கலாமே?" என்றார் நோட்டரி.

"கையில இருந்ததெல்லாம் இங்க வந்த ரெண்டு மாசத்துல கரைஞ்சு போச்சு. கனடா வரைக்கும் போயி வந்தவன் டிக்கெட்டைத் தொலைச்சுட்டு நிக்கிறான்னா ஊரு சிரிக்காதா? நானா வேணாம்னு விட்டேன்னு சொன்னேன். அப்புறம் சொல்லிச் சொல்லி அதுவே நிசமாயிடுச்சு." அவர் திரும்பவே இல்லை. "எழுதிக்குங்க சார். தொலைச்சது நான். எம்பொண்ணு வாழ்க்கையத் தொலைச்சதும் நான்தான்."

ஆக்னஸுக்கு அப்பாவின் மேல் இவ்வளவு பாசம் இதுவரை வந்ததில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நோட்டரி அதற்குள் எழுத ஆரம்பித்துவிட்டார்.

"நல்ல வாக்குமூலம். ஆனா ஆதாரம்னு ஒண்ணு கேட்டிருக்கானே? தொலைஞ்சுபோன டிக்கெட்டுக்கு என்னா ஆதாரம்? அது ஒரு பக்கம் இருக்கட்டும், உங்க வோட்டர் அடையாள அட்டை எங்க?"

அது வீட்டில் இருந்தது. ஆக்னஸ் ஷெட்டின் போனில் அம்மாவைக் கூப்பிட்டாள். "அம்மா, அப்பாவோட அட்டையை எடுத்துக்கிட்டு ஆட்டோவுல வா. உடனே வா! அப்பா எல்லாத்தையும் சொல்லிட்டாரும்மா. டிக்கெட்டைத் தொலைச்சது நாந்தான்னு பைபிள் மேல சத்தியம் பண்ணி எழுதிக் குடுக்கறாரு!"

எதிர்ப்பக்கம் ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா?"

"சத்தியமா?" என்றாள் விமலாராணி. "வரேன். நான் வர்ற வரைக்கும் கையெழுத்துப் போட வேணாம்னு சொல்லு."

மணி நான்குக்கு ஆட்டோ வந்து நின்றது. விமலாராணி இறங்கினாள். ஒரு கையில் அடையாள அட்டை. இன்னொரு கையில் வயர் கூடை. கூடைக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டு ஒட்டகம்.

"இதை எதுக்கும்மா தூக்கிட்டு வந்த?"

விமலாராணி பெஞ்சில் விரித்து வைத்திருந்த முத்திரைத்தாளைப் பார்த்தாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். ஒட்டகத்தை எடுத்து, தரையில் கிடந்த செங்கல் மேல் ஓங்கிப் போட்டாள்.

படீர் என்று சத்தம். கோவிந்தசாமி சீலைத் தூக்கிக்கொண்டு துள்ளினார்.

உடைந்த ஓட்டுக்கு நடுவில், பிளாஸ்டிக் பையில் சுருட்டிய ஒரு பொட்டலம் கிடந்தது. அம்மா அதைப் பிரித்து நோட்டரியின் முன்னால் வைத்தாள். பழுப்பேறிய மூன்று தாள்கள். சிவப்புக் கார்பன் எழுத்து. மெட்ராஸிலிருந்து டொரான்டோ. ஆகஸ்ட் 28.

ஆக்னஸ் குனிந்து படித்தாள். மூன்றாவது தாளில் அவள் பெயர் இருந்தது. பக்கத்தில் குழந்தை என்பதற்கான குறி. "டிக்கெட்டு! அப்பா, டிக்கெட்டு! மூணும் இருக்குது!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் அது எங்கிருந்து வந்தது என்பது உறைத்தது.

அமிர்தசாமி திரும்பினார். சூளை பற்றிய பிறகு அவர் ஓட்டையை இப்படி மறந்துபோய் யாரும் பார்த்ததில்லை.

"அவரு தொலைக்கல சார்" என்றாள் விமலாராணி. "நான்தான் பாக்கெட்லேருந்து எடுத்தேன். மொதல்ல அரிசி டின்னுல போட்டு வெச்சேன். அப்புறம் இந்தப் பொம்ம சூளையிலேருந்து வந்ததும் வயித்துக்குள்ள சொருகி, அடியில பிளாஸ்டர் வெச்சு மூடிட்டேன். பொய்ச் சத்தியம் அவரு பண்ண வேணாம். என் பேரைப் போட்டு எழுதுங்க."

"பன்னெண்டு வருஷம்" என்றார் அமிர்தசாமி மெல்ல. "பன்னெண்டு வருஷமா என் பாக்கெட்டை நானே தடவிக்கிட்டு இருந்தேன்."

"தெரியுங்க. ஒவ்வொரு தடவையும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். "அம்மா, காரணம் போடணும். ஏன் எடுத்தீங்கன்னு கேப்பான்."

விமலாராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அஞ்சு வருஷம் அங்க ஒரு பெரிய ஆபீஸ்ல தரை தொடைச்சேன் சார். அங்க எனக்குப் பேரு 'வீ'. அவ்ளோ பெரிய பேரு அவங்க வாயில நொழையலியாம். பக்கத்து வூட்ல பாத்தா தலைய ஆட்டுவாங்க. இவரு காலைல போனா இருட்டினப்புறம் வருவாரு, வந்தா 'இந்தா, சோறு'ம்பாரு. இவ ஸ்கூலுக்குப் போனதும் நாள் பூரா எனக்கு ஒரு குரலு கெடையாது. லீவுக்குன்னு இங்க வந்து எறங்கின அன்னிக்கு, மாதா கோயில் வாசல்ல பூ விக்கிற நீலாவதி, 'அடி, விமலாராணி! எப்ப வந்த?'ன்னு கேட்டுச்சு. அந்த ஒரு வார்த்தையில நான் நடு ரோட்ல நின்னு அழுதேன் சார். இனிமே போவ முடியாதுன்னு தோணிச்சு. இவருகிட்ட கேட்டா ஒத்துக்க மாட்டாரு. அதனால எடுத்துட்டேன்."

அவள் மகள் பக்கம் திரும்பினாள். "உங்கிட்டயும் கேக்கல. உனக்கு ஏழு வயசு. கேட்டிருக்கணும். அது தப்புதான்."

ஆக்னஸுக்கு ஒரே சமயத்தில் கோபமும் வந்தது, துக்கமும் வந்தது, எல்லாவற்றையும் முந்திக்கொண்டு சந்தோஷமும் வந்தது. எதற்கு முதலில் இடம் கொடுப்பது? அம்மாவோடு சண்டை போட ஒரு ஆயுசு இருக்கிறது. வேனுக்கு நாற்பத்தைந்து நிமிஷம்தான் இருக்கிறது.

"சார், ரெண்டாவது முத்திரைத்தாள்!" என்றாள்.

கோவிந்தசாமி அப்படியொரு வேகத்தில் தன் வாழ்நாளில் எழுதியிருக்க மாட்டார். விமலாராணி ஆகிய நான், என்று ஆரம்பித்து, என் கணவருக்கும் மகளுக்கும் தெரியாமல் என்று போய், என் மகள் கனடாவுக்குத் திரும்பும் எண்ணத்தோடுதான் வந்தாள் என்று முடிந்தது. ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் உரக்க வாசித்துக் காட்டினார். விமலாராணி நிதானமாக முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அமிர்தசாமி தன் தாளில் 'தொலைத்துவிட்டேன்' என்ற வரியை அடித்துவிட்டு, ஓரத்திலும் கீழேயும் கையெழுத்துப் போட்டார். விரலில் இருந்த மண் தாளில் அப்பியது.

"அட, சேறு!" என்றார் நோட்டரி.

"இருக்கட்டும் சார். செராமிக் ஊர்லேருந்துதான் வருதுன்னு டெல்லிக்காரனுக்குத் தெரியட்டும்" என்றாள் ஆக்னஸ்.

சீல் விழுந்தது. மணி நான்கு முப்பத்திரண்டு.

அடுத்த இருபத்தைந்து நிமிஷத்தை ஆக்னஸ் எப்படிக் கடந்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. நெய்வேலிப் பக்கமிருந்து வந்த கரி வண்டி, பெட்டி பெட்டியாக, அவசரமே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. ஐம்பத்து மூன்று வரை எண்ணிப் பார்த்துவிட்டு எண்ணுவதை விட்டாள். கவரை வயிற்றோடு அணைத்து, மாதாவே மாதாவே என்று முணுமுணுத்தாள். மாதாவுக்கு அடுத்து, என்னவோ தெரியவில்லை, பூக்கார நீலாவதியின் முகம் வந்தது. தினமும் பார்க்கும் முகம். அந்தம்மாள் அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால், ஆக்னஸ் இன்று எந்த ஊரில் இருந்திருப்பாளோ.

கேட் திறந்தது.

கூரியர்காரர் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். வேன் டிரைவர் கீழே கிடந்த கடைசி மூட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். "அண்ணே! டெல்லி! டெல்லி!" என்று கத்திக்கொண்டே ஆக்னஸ் குனிந்து ஷட்டருக்குள் புகுந்தாள்.

"கண்டிப்பா வெள்ளிக்கெழம போயிடுமா?"

"வியாழக்கெழமையே போயிடும்மா. மொதல்ல உக்காந்து மூச்சு வுடு."

ரசீதைக் கையில் வாங்கிய பிறகுதான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பை நிறுத்த முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, ஒரு காரணமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டே இருந்தாள். கூரியர்காரர் பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பி ஷெட்டுக்கு வந்தபோது மணி ஐந்தேகால். நோட்டரி கோவிந்தசாமி போகவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டீ குடித்தபடி பெஞ்சில் இருந்தார். கோன் படுப்பதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தாராம்.

அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்து ஒட்டகத்தின் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கூடைக்குள் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா ஓட்டையில் கண்ணை வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பத்தடித் தூரத்தில் யாரும் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை என்று ஆக்னஸுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"போயிடுச்சு!" என்று ரசீதைத் தூக்கிக் காட்டினாள்.

கோவிந்தசாமி கை தட்டினார். அம்மா நிமிர்ந்து பார்த்தாள், சிரிக்கவில்லை. அப்பா திரும்பவில்லை.

பிறகு அமிர்தசாமி கையை நீட்டி ஸ்டூலில் பாதி இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"விமலாராணி" என்றார்.

பொறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. ஆக்னஸ் அப்பாவைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவர் வாயில் இந்தப் பெயரை அவள் கேட்டதில்லை. சொல்லிப் பழக்கமில்லாததால் அவருக்கே நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

"விமலாராணி, கோன் சாயுது. வந்து பாரேன்."

அம்மா எழுந்து போனாள். அப்பா கறுப்புக் கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். அவள் குனிந்து பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாளோ, அவள் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"படுத்துடுச்சுங்க" என்றாள்.

அமிர்தசாமி பர்னரை அணைத்தார். ஒரு ராத்திரி, ஒரு பகல் உறுமிய சூளை சட்டென்று வாயை மூடிக்கொண்டது. அந்த அமைதியில், விமலாராணியின் கூடைக்குள், ஒட்டக ஓடுகளுக்கு நடுவிலிருந்து நோக்கியா அலறியது.

ஆக்னஸ் பாய்ந்து எடுத்தாள். திரையில் நம்பர் 011 என்று ஆரம்பித்தது.

"டெல்லி!" என்றாள். காலையில் அனுப்பிய ஃபேக்ஸ். அவகாசம் கிடைக்காது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்களா? அல்லது வேறு ஏதாவதா? பச்சைப் பொத்தானை அழுத்தத் தைரியம் வரவில்லை.

விமலாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, மகள் கையிலிருந்து போனை வாங்கினாள். பன்னிரண்டு வருஷமாகப் பேசாத இங்கிலீஷ் அவளுக்கு எங்கிருந்தோ வந்தது.

"ஹலோ" என்றாள். "திஸ் இஸ் விமலாராணி. எஸ், ஃபுல் நேம். வி-ம-லா-ரா-ணி. சொல்லுங்க."